பிள்ளை என்னும் பெயர்

சிரம்பானிலிருந்து ரெம்பாவை நோக்கித் தெற்கே செல்லும் இருப்புப்பாதையில் சுங்கை காடுட் என்றொரு நிலையம் உண்டு. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த அவ்வட்டாரத்தில் இன்று வீடமைப்பு மனைகளும் தொழிற்சாலைகளும் மிகுந்துவிட்டன. பால்வெட்டி வாழ்ந்தோரின் மக்களும் பேரர்களும் அம்மனைகளிலும் பக்கத்து ஊர்களிலும் குடியிருக்கின்றனர். அங்குள்ள கடைத்தெருவிலே ஒரு சீனரையும் ஒரு மலாய்க்காரரையும் ஒரு தமிழரையும் கண்டு, "உமது குடும்பப்பெயர் யாது?" என்று நாம் வினவுவோமாயின், மூவரும் மூவிதமாக விடை பகர்வர்.

சீனர் தயங்கமாட்டார். அவர் பெயரின் முதற்சொல்லே குடும்பப்பெயர். தந்தைக்கும் பாட்டனுக்கும் அதுவே. மலாய்க்காரர் தம் பெயருக்குப்பின் 'பின்' என்று எழுதித் தந்தையின் பெயரைச் சேர்ப்பார், குடும்பப்பெயர் எழுதார். ஆயினும் நெகிரி செம்பிலான் மலாய்க்காரருள் மீனாங்கபாவ் வழக்கத்தைத் தழுவியோருக்குச் 'சுக்கு' என்னும் குலம் ஒன்று உண்டு. (சுக்கு என்றதும் நம்மவர்க்குக் கஷாயம் நினைவுக்கு வரும்; இது வேறு.) பன்னிரண்டு சுக்குகள் உள, அவை தந்தைவழி வருவன அல்ல, தாய்வழி வருவன. ஒரே சுக்கில் பிறந்தோர் தம்முள் மணப்பதில்லை. பரம்பரை நிலமும் பெண்மக்களையே சேரும். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று நம்மனோர் மேடைதோறும் தொண்டை வறளப் பேசிய காலத்தில், தோட்டத்து வேலிக்கு அப்பால் அவ்வுரிமை தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருந்தது.

தமிழரோ சற்றே விழிப்பார். அவர் முனியாண்டியாயின், முன்னே நிற்கும் ஓரெழுத்து தந்தை சின்னசாமியைக் குறிக்கும். அவர் மகனுக்கு அவ்வெழுத்து மாறி, முனியாண்டியின் முதலெழுத்து வந்து நிற்கும். மூன்றாம் தலைமுறையில் சின்னசாமி மறைந்துபோவார். இதுவே நம் வழக்கம்.

எனினும், "எங்களுக்குக் குடும்பப்பெயர் உண்டு" என்று நிமிர்ந்து கூறுவோரும் தமிழரிடையே இல்லாமற் போகவில்லை. பிள்ளை, முதலியார், நாயுடு, செட்டியார் என்பனவற்றை அவர் காட்டுவர். ஒரே பட்டம் தாங்கிய பேரறிஞர், வீரர், செல்வர் ஆகியோரின் பெயர்களை அடுக்கி, "இவரெல்லாம் எம்மவர்" என்று பெருமிதமும் கொள்வர். இப்பெருமிதத்துக்கு அடிப்படை உண்டா என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். பட்டங்களுள் கடல் கடந்து நெடுந்தூரம் சென்றதும், பெரியோர் பலரின் பெயரோடு ஒட்டி நின்றதுமான 'பிள்ளை' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பிள்ளை என்பது பட்டமாவதற்குமுன் வெறும் சொல். தொல்காப்பியத்து மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைக் கூறும். அவற்றுள் பிள்ளை ஒன்று. அப்பெயரை ஆசிரியர் பறவைக் குஞ்சுக்கும் தவழும் உயிரின் குட்டிக்கும் உரித்தாக்கி, ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் வழங்கலாம் என்கிறார். கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று நாம் இன்றும் கூறுவது அப்பழைய வழக்கின் எச்சமே. நிலத்தில் ஊன்றிய தென்னங்கன்றும் பிள்ளைதான். கூட்டிலிருந்து வாய் திறக்கும் கிளிக்குஞ்சும் பிள்ளைதான்.

அன்பினால் 'என் பிள்ளை' என்பது நாளடைவில் மரியாதைச் சொல்லாகியது. சோழர் கல்வெட்டுகளில் இளவரசரைப் 'பிள்ளையார்' என்பதுண்டு. சைவர் சம்பந்தரை 'ஆளுடைய பிள்ளையார்' என்றனர். வைணவரிடத்தோ இச்சொல் பெயரின் முன்னும் வரும், பின்னும் வரும். பிள்ளை லோகாசாரியர், பெரியவாச்சான் பிள்ளை ஆகிய இருவரும் அந்தணர். அட்டப்பிரபந்தம் பாடியவர் பெயரோ பிள்ளைப்பெருமாள் ஐயங்கார்! முன்னே பிள்ளை, பின்னே ஐயங்கார். ஆகவே பிள்ளை என்பது ஒரே குலத்தின் தனிச்சொத்து என்பார், ஸ்ரீரங்கத்து வீதியில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

மரியாதைச் சொல் உத்தியோகச் சொல்லும் ஆயிற்று. ஊர்க்கணக்கு எழுதியவன் கணக்கப்பிள்ளை. வெள்ளையர் அச்சொல்லைத் தம் வாய்க்கேற்பத் திரித்துச் சென்னைப் பட்டணத்துக் கணக்கர் அனைவரையும் அதனால் அழைத்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே கணக்கப்பிள்ளை என்றால் வேலையாட்களை மேற்பார்க்கும் அதிகாரி. நம் மலாய் நாட்டுத் தோட்டங்களில் அவ்விடத்தைக் கிராணி பிடித்துக்கொண்டமையால் அச்சொல் இங்கு வேரூன்றவில்லை.

இனி, இப்பட்டத்தைத் தாங்கிய பெரியோரைச் சற்றே நோக்குவோம்.

புதுச்சேரியில் டூப்ளே துரைக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ம் ஆண்டு பிறந்தவர். 1736 முதல் தம் வாழ்நாளின் இறுதிவரை நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை ஏறியது, கவர்னர் மனைவி கடிந்துகொண்டாள், இன்னார் இலஞ்சம் வாங்கினார், இன்னார் மகளுக்குக் கலியாணம் என்று பேச்சுத் தமிழிலேயே எழுதிவைத்தார். சோதிடத்தில் அவருக்கிருந்த நம்பிக்கையையும், தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளும் வழக்கத்தையும் கண்டு நாம் நகைக்கலாம். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் ஒரு கடைத்தெரு எவ்வாறிருந்தது, ஒரு துரைத்தனம் எவ்வாறு நடந்தது என்று அறிய அந்நாட்குறிப்புக்கு ஈடான தமிழ்நூல் வேறில்லை. 1761-ம் ஆண்டு ஜனவரி 12-ல் அவர் இறந்தார். நான்கு நாட்களுக்குப்பின் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. இவர் வேளாளர் அல்லர்; இடையர் குலத்தவர்.

மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். 1879-ல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டார். கதாநாயகனுக்கு அவர் இட்ட பெயர் பிரதாப முதலியார்! பட்டங்களை ஒரு பொருட்டாக எண்ணாமையால் இட்டாரோ, அக்காலத்துப் பெரிய மனிதர் ஒருவரைக் கற்பனை செய்யப் பட்டம் இன்றியமையாததென்று இட்டாரோ, வாசகர் தாமே தீர்மானிக்கலாம். பஞ்சாங்கக் கணிதத்தை ஆராய்ந்து, கல்வெட்டுகளின் காலத்தைக் கணிக்க உதவும் பெருநூலை 1922-ல் வெளியிட்ட சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் கிறிஸ்தவரே.

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் கதை வேறு. 1832-ல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகி, கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த அப்பெரியாருக்குப் 'பிள்ளை' பட்டமன்று. இட்ட பெயரின் ஓர் உறுப்பு. யாழ்ப்பாணத்தார் பெயரில் இவ்வாறு பிள்ளை கலந்து வருவது பெரும்பான்மை. மலாய் நாட்டு இருப்புப்பாதை அலுவலகங்களிலும் தோட்டத்துக் காரியாலயங்களிலும் வந்தமர்ந்த யாழ்ப்பாணத்துத் தம்பிப்பிள்ளைகளையும் தமிழ்நாட்டுப் பிள்ளைமாரையும் ஒரே குலமாகக் கருதி மயங்கியவர் பலர்.

மலையாள தேசத்திலோ பிள்ளை என்பது நாயர் பலரின் பட்டம். திருவிதாங்கூர் அரசரோடு முரண்டி நின்ற எட்டுவீட்டுப் பிள்ளைமாரை 18-ம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மன் அழித்தான்; அச்சரித்திரத்தை 1891-ல் நாவலாக்கியவர் பெயரும் சி. வி. ராமன் பிள்ளை. அதே 1891-ல் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தமிழறிஞர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயமும் வெளியாயிற்று. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே பட்டம். மொழி வேறு, குலம் வேறு. தஞ்சைப் பக்கத்து இசை வேளாளரும் இப்பட்டமே பூண்டனர். மேலாடையின்றிப் பணிந்து நின்று நாகசுரம் ஊதவேண்டுமென்றிருந்த உலகில் கிராப்புத் தலையோடும் கோட்டோடும் தோன்றிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை யார்தாம் அறியார்?

தூத்துக்குடியில் 1906-ல் வெள்ளைக் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் ஓட்டியவரும், 1908-ல் அங்குள்ள கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்று, பின் சிறையில் செக்கிழுத்தவருமான வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றித் தொழிலாளராகிய நம் வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்துணைப் பேரும் ஒரு குடும்பத்தவரா? ஒரு ஜாதியினரா? ஒரு மதத்தினரா? மொழியாவது ஒன்றா? இல்லை. தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1909-ல் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய நூலில், ஜனக்கணக்கின்போது தமக்குப் பிள்ளைப் பட்டம் உண்டென்று எழுதுவித்த ஜாதிகளைக் குறித்துவைத்துள்ளார். வேளாளர் மட்டுமின்றி அகம்படியர், அம்பலக்காரர், இடையர், நாயர், செம்படவர், பறையர் என்று அவ்வரிசை நீள்கிறது. ஐரோப்பியர் வீட்டுப் பட்லர்களாகிய பறையர் இப்பட்டத்தைப் பூண்டுகொண்டதையும் அவர் தனியே சுட்டுகிறார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். உயர்ந்த ஜாதியாரென்று தம்மைக் கூறிக்கொண்டோர் அக்காலத்தில் இதைக் கண்டு எள்ளி நகையாடினர். எத்தனையோ ஜாதியார் மெல்ல மெல்ல வேளாளராயினர் என்னும் பொருள்படப் பழமொழியும் கட்டினர். நாம் நகைக்கமாட்டோம். ஊரில் 'சாமி' என்று முடியும் பெயரைக்கூட முழுமையாகச் சொல்லவிடாது, முனுசாமியை முனியனாகவும் குப்புசாமியைக் குப்பனாகவும் குறுக்கி அழைத்த உலகில், உழைத்துப் பொருளீட்டிய ஒருவன் 'என்னைப் பிள்ளை என்று அழை' என்றால் அதன் பொருள் என்ன? 'என்னையும் மனிதனாக மதி' என்பதல்லவா?

இரங்கூனில் துபாஷியாகவும் படகு உடையவராகவும் வாழ்ந்து பெருஞ்செல்வம் ஈட்டி, அறங்கள் பல செய்த பெ. மா. மதுரைப் பிள்ளை ஆதிதிராவிட வகுப்பினர். அவர் மகள்வயிற்றுப் பேத்தியே 1904-ல் இரங்கூனில் பிறந்து, பின்னாளில் சென்னையில் தாழ்த்தப்பட்டோர் இயக்கத்தின் தலைவிகளுள் ஒருவராக விளங்கிய மீனாம்பாள் சிவராஜ். 1937-ல் அமைந்த சென்னை மாகாண மந்திரிசபையில் விவசாய இலாகாவை வகித்து, பின்னர் அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்த வி. ஐ. முனுசாமிப் பிள்ளையும் அவ்வகுப்பினரே. பிள்ளைப் பட்டம் தாங்கிய பெரியோரின் பட்டியலை மேடைகளில் வாசிப்போர் இவ்விருவரையும் சேர்ப்பதை நாம் கேட்டதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1819-ம் ஆண்டு ராபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் செங்கற் சூளை போட்டு அந்நகரின் முதல் வீடுகளுக்குச் செங்கல் அளித்தவர். துணிக்கடை வைத்தார், 1822-ல் அது தீயில் அழிந்தது, மீண்டும் எழுந்தார். 1850-ல் சிங்கப்பூரிலேயே பிறந்த தம்புசாமிப் பிள்ளை, டேவிட்சன் துரை சிலாங்கூர் ரெசிடெண்டானபோது அவருடன் வந்து பொக்கிஷக் காரியாலயத்தில் பணிபுரிந்தார். பின் வேலையை விட்டு, சீனச் செல்வர் லோக் யூவுடன் கூட்டாக ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். நீர் இறைக்க அங்கு மின்விசை புகுந்தது 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள். 1893-ல் தோன்றிய விக்டோரியா கல்விச்சாலையின் தர்மகர்த்தாக்களுள் அவரும் ஒருவர். பத்துமலைக் கோயிலால் அவரை நினைவுகூர்வோர் ஆயிரம் பேர். பள்ளியால் நினைவுகூர்வோர் பத்துப்பேர் இருந்தால் அதிகம்.

இவர்கள் பட்டத்தோடு வந்தவர்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்காமிலும் இறங்கிய இலட்சக்கணக்கானோர் எதனோடு வந்தனர்? பெரும்பாலோர் ஒற்றைப் பெயரோடு வந்தனர். கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தான். ஊரின் ஜாதியும் அவனோடு கப்பலேறிற்று. சில தோட்டங்களில் தாழ்த்தப்பட்டோருக்கென லயமே தனியாயிருந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணி செக்ரோலைப் புரட்டிப் பெயர் கூப்பிடுவார். 'பிள்ளை' என்று மரியாதையாக விளிக்கப்பட்டவர் கூப்பிடும் பக்கத்தில் நின்றார். முனியனும் காத்தாயியும் கூப்பிடப்படும் பக்கத்தில் நின்றனர். எழுதியவன் காதுக்கு எட்டியவாறு பெயர் ஏட்டில் ஏறிற்று. ஒரே தந்தையின் பெயர் இரு பிள்ளைகளின் பத்திரத்தில் இருவிதமாக இருப்பதைத் தோட்டத்துக் குடும்பங்களில் இன்றும் காணலாம். அதனால் பிரஜாவுரிமைக்கும் அடையாளக் கார்டுக்கும் அலைந்தோர் எத்தனை பேர்!

தாயகத்தில் இதற்கிடையே வேறொரு காற்று வீசிற்று. 1927-ன் இறுதியில் ஈ. வெ. ராமசாமி தம் பெயரின் வாலிலிருந்த 'நாயக்கரை'க் களைந்தார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. அம்மாநாட்டைத் தொடர்ந்து பலர் தம் பட்டங்களைத் துறந்தனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே பெரியார் மலாய் நாட்டுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று, 1935-ல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். தோட்டத்து வாலிபர் பலர் அப்பத்திரிகையை ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர்.

பட்டத்தைத் துறந்தோரைப் போற்றினோம், போற்றியது முறையே. ஆனால் துறப்பதற்கு ஒரு பட்டம் வேண்டுமன்றோ! உடையவன் எறிந்தால் தியாகம். இல்லாதவன் எதை எறிவான்? மதுரைப் பிள்ளை ஏற்றுக்கொண்டதும் செங்கற்பட்டில் மற்றையோர் இறக்கிவைத்ததும் ஒரே சுமைதான். ஒருவர் ஏற்றதனால் அது ஒரு குலத்தின் தனியுரிமை அன்றென்றாயிற்று. பலர் இறக்கியதனால் அஃதின்றியும் மனிதன் நிமிர்ந்து நடக்கலாமென்றாயிற்று. இவ்விரண்டில் எது பெரிதென்று நம்மால் நிறுக்க இயலவில்லை. ஆயினும் முன்னதை எள்ளிப் பின்னதை மட்டும் புகழ்வது நேர்மையன்று என்பது நம் கருத்து. இந்நாளில் திருமண அழைப்பிதழ்களில் பட்டங்கள் மீண்டும் தலைநீட்டுகின்றன. அச்சிடுவோர், தம் பாட்டனாருக்கு அப்பட்டம் இருந்ததா, அன்றி அச்சுக்கூடத்தில்தான் பிறந்ததா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

மலேசியச் சர்க்கார் ஏட்டில் நம் பெயர் இன்று 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்னும் மலாய்ச் சொற்களால் தந்தையின் பெயரோடு பிணைக்கப்படுகிறது. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதே பொருள். மணமானாலும் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. ஜாதிக்கு அங்கே இடமில்லை. ஆனால் அயல்நாடு செல்லும்போது சங்கடம் நேர்கிறது. 'குடும்பப்பெயர்' என்றொரு கட்டம் இருக்கும். அதில் தந்தையின் பெயரை எழுதினால், அங்குள்ள உத்தியோகஸ்தர் மகளைத் தந்தையின் பெயராலேயே கூப்பிடுவார். இதற்காகவேனும் நிலையான குடும்பப்பெயர் ஒன்று வேண்டுமென்று படித்த வாலிபர் சிலர் வாதிக்கின்றனர். பாட்டனாரின் பட்டத்தைத் தேடவும் முற்படுகின்றனர்.

அவர்கள் தென்னாப்பிரிக்காவை நோக்குவாராக. 1860-ம் ஆண்டு நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து முதற் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயர், தந்தை பெயர், ஜாதி, ஊர் ஆகியவை ஏட்டில் பதிவாயின. அந்நாட்டுச் சட்டமும் பழக்கமும் குடும்பப்பெயரைக் கேட்டன. பட்டமிருந்தோர் பட்டத்தையே கொடுத்தனர். பிள்ளை அங்கு நிலையான குடும்பப்பெயராயிற்று. ஆங்கிலத்தில் கடைசி எழுத்தாக 'ஒய்' வந்து ஒட்டிக்கொண்டது. தாயகத்தில் ஆண்மகனின் பெயருக்குப்பின் மட்டும் வந்தது, அங்கே பெண்ணின் பெயருக்குப் பின்னும் வந்தது. டர்பனில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாக 1941-ல் பிறந்த நவநீதம் பிள்ளை, நிறவெறி ஆட்சியில் வழக்கறிஞராகப் போராடி, ருவாண்டாப் படுகொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்து, 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணையராயிருந்தார். நம் கிள்ளானில் 1934-ல் பிறந்து, சிங்கப்பூர் விமானக் கம்பெனியின் தலைமையை 1972 முதல் 1996 வரை வகித்த ஜோசப் யுவராஜ் பிள்ளையின் பெயரிலும் அதே 'ஒய்' தான். இவ்விருவரையும் 'எம் குலத்தவர்' என்று எந்தச் சங்கத்தார் உரிமை கொண்டாடுவர் என்று நாம் அறிய விரும்புகிறோம்.

பட்டமில்லாதோர் அங்கு என் செய்தனர்? அவர்களுட் பலர் தந்தையின் பெயரையே கொடுத்தனர். அது அப்படியே நின்றுவிட்டது. இன்று தென்னாப்பிரிக்காவில் மூன்சாமி, பெருமாள், சின்னசாமி என்று குடும்பப்பெயர் பூண்டோர் உளர். அவர்களுள் ஆசிரியரும் மருத்துவரும் வழக்கறிஞரும் உளர். தமிழறியாத பிள்ளைகள் அதை மூன்சாமி என்று உச்சரிக்கின்றனர். நாம் எழுதினால் முனுசாமி. கரும்பு வெட்டச் சென்ற ஒரு முனுசாமியின் பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாய், நான்காம் ஐந்தாம் தலைமுறையிலும் பள்ளிக்கூட வருகைப் பதிவில் நாள்தோறும் கூப்பிடப்படுகிறது.